புளி ஐஸ் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் பக்கத்தில் ஒரு சின்ன மெக்ஸிகோ கடை. உட்கார இடம் கிடையாது, பார்சல் மட்டும்தான். அப்பா, அம்மா, பாட்டி, பெண் என்று குடும்பமே நின்று வேலை பார்க்கிறது. நாங்கள் சைவம். எதில் என்ன கலந்திருக்குமோ என்று ஒரு வருடமாக வாசலோடு திரும்பிவிடுகிறேன். ஃப்ரீசரில் இருக்கும் குச்சி ஐஸ் வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். என்ன வாங்கலாம்?
– ஒரு வாசகி, சிகாகோ புறநகர்

பதில்: இந்த வாரமே போங்கள். நானும் சைவம்தான். சிகாகோவில் 26-ஆம் தெருவில், லிட்டில் வில்லேஜ் பகுதியில், இதே மாதிரி ஒரு கடைக்கு ஆறு வருடமாகப் போய்வருகிறேன். தயங்காமல் வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்பானிஷில் முதலில் கேட்க வேண்டியது இது: ‘தியேனே மந்தேக்கா?’ மந்தேக்கா என்றால் பன்றிக் கொழுப்பு. ‘அது இருக்கிறதா?’ என்று அர்த்தம்.

முதல் நாள் நான் கேட்டபோது கவுண்டரில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பத்து வயதுப் பெண் பென்சிலை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாட்டியை அழைத்து வந்தாள். பாட்டி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு பாத்திரமாகக் காட்டினார். மசித்த பீன்ஸில் கொழுப்பு உண்டு. சிவப்பு சாதம் கோழி வேகவைத்த தண்ணீரில் வெந்தது. கோதுமை ரொட்டியிலும் கொழுப்பு உண்டு. மக்காச்சோள டோர்டியாவில் மட்டும் எதுவும் இல்லை. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, கழுவி, அரைத்துத் தட்டுவது அது. தோலைக் கழற்றவும் மாவு ஒட்டிவரவும் சுண்ணாம்பு. அந்த மணம் ஒருமுறை பழகிவிட்டால் பாக்கெட் டோர்டியா இறங்காது.

அதற்குள் என்ன வைப்பது? நோப்பால் கேளுங்கள். நம் ஊர் வேலியோரத்தில் நிற்கிற சப்பாத்திக்கள்ளி இனம்தான் அது. முள்ளைச் சீவி, நீளமாக அரிந்து வதக்குவார்கள். வெண்டைக்காய் மாதிரி லேசாக வழவழப்பு, கூடவே ஒரு புளிப்பு. பூசணிப்பூவும் சீஸும் வைத்து மடித்து வாட்டிய டோர்டியா, அதாவது கேசடியா, கிடைத்தால் விடாதீர்கள். சில சீஸ்களில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை சேர்ப்பார்கள். அதைத் தவிர்ப்பவர் என்றால் நோப்பாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறைச்சி வாட்டும் கல் வேண்டாம் என்றும் சொல்லலாம். எனக்குப் பாட்டி தனியாக ஒரு சின்னக் கல்லைப் போட்டார். இன்றைக்கும் என் தலையைப் பார்த்ததும் அந்தக் கல் அடுப்பில் ஏறிவிடும்.

சரி, மகனின் ஐஸுக்கு வருவோம். அதற்குப் பெயர் பலேத்தா. தண்ணீரில் பழம் போட்டது ஒரு வகை, பாலில் செய்தது இன்னொரு வகை. ஃப்ரீசரின் கண்ணாடி மூடியை நகர்த்தியதும் பனிப்புகை விலகட்டும், கொஞ்சம் பொறுங்கள். நல்ல கடை பலேத்தாவில் பழம் கண்ணுக்குத் தெரியும்: ஸ்ட்ராபெரி வில்லை, கிவி வட்டம், தேங்காய்த் துருவல். பாலில் செய்ததில் சாதமும் பட்டையும் போட்டது ஒன்று உண்டு. சின்ன வயதில் விருதுநகரில் சைக்கிள்காரரிடம் வாங்கின சேமியா ஐஸ் எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. நுனியில் சேமியா குவிந்திருந்த மாதிரியே இதில் சாதம் நுனியில் இறங்கியிருக்கும். பால் வகையில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கு முதலில் மாம்பழம் வாங்கிக் கொடுங்கள். மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் தூவித் தரட்டுமா என்பார்கள். மாங்காயில் உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்ற நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? உங்களுக்கு மட்டும் புளி.

கேள்வி: சிகாகோவில் படிக்கும் என் மகள் ‘புளி ஐஸ் சாப்பிட்டேன்’ என்கிறாள். புளி அங்கே எப்படிப் போனது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அது மெக்ஸிகோ ஐஸ். மெக்ஸிகோவுக்குப் புளி ஸ்பானியர்கள் கொண்டுபோனது. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்ஸிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே அவர்களுடைய கப்பல்கள் போய்வந்தன. மாம்பழமும் அப்படிப் போனதுதான். மெக்ஸிகோவில் ஒரு மாம்பழ ரகத்துக்கு இன்றும் மணிலா என்றே பெயர். புளியை அவர்கள் சொல்வது ‘தமரிந்தோ’. ‘இந்தியப் பேரீச்சை’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அங்கிருந்து நமக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன்: மிளகாய், தக்காளி, கொய்யா, சப்போட்டா. சப்போட்டா என்ற பெயரே அவர்களுடைய பழைய நவாட்டில் மொழியிலிருந்து வந்ததுதான். ஆக, உங்கள் மகள் சாப்பிட்டது வீட்டுச் சாமான்தான்.

மெக்ஸிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் தொகும்போ என்ற ஊர் பலேத்தாக்காரர்களின் ஊர். ஊர் வாசலில் பிரம்மாண்டமான பலேத்தா சிலையே வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் மெக்ஸிகோ முழுக்கக் கடை போட்டார்கள். ‘லா மிச்சோவாகானா’ என்ற பெயர்ப்பலகையை மகள் அங்கேயும் பார்த்திருப்பாள்.

கேள்வி: வீட்டில் குச்சி ஐஸ் செய்தால் கல்லாகிவிடுகிறதே?
– வேறொரு வாசகி, கோவை

பதில்: சர்க்கரை குறைந்தால் கல்லாகும். மெதுவாக உறைந்தாலும் பனி பெரிது பெரிதாகக் கட்டிவிடும். கடைகளில் அச்சுகளைக் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். உப்பு போட்ட தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கும், அதனால் அச்சில் இருப்பது சீக்கிரம் இறுகிவிடும். வீட்டில் அது முடியாது. சின்ன அச்சாக எடுத்து, ஃப்ரீசரின் அடித்தட்டில் ஒட்டவைத்தால் ஓரளவு வரும்.

புளி ஐஸுக்கு: கொட்டை நீக்கிய புளி 100 கிராம், தண்ணீர் 700 மில்லி, சர்க்கரை 150 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. புளியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே கரையுங்கள், மிக்ஸி வேண்டாம். நாரை எடுத்துவிட்டு, சதையைக் கொஞ்சம் விட்டு வடிகட்டுங்கள். ஊற்றுவதற்கு முன் ருசி பாருங்கள். குளிரில் இனிப்பு குறைந்து தெரியும் என்பதால் நாக்குக்குக் கொஞ்சம் அதிகம் என்று பட வேண்டும். பாதி உறைந்த பிறகு குச்சியைச் செருகினால் நேராக நிற்கும்.