கிளைட் ஆற்றங்கரையின் மில் ஊர்: நியூ லேனார்க்கை ஒரே நாளில் பார்க்க முடியுமா?

கேள்வி: கோவையில் ஒரு நூற்பாலையின் ஸ்பின்னிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அக்டோபர் பிற்பகுதியில் மனைவியுடன் கிளாஸ்கோவிலுள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறேன். அருகிலுள்ள நியூ லேனார்க் என்ற பழைய மில் ஊரைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மகள் வேலைக்குப் போய்விடுவதால் நாங்கள் இருவரும் ரயிலில்தான் போயாக வேண்டும். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, இருவரும் சைவம். ஒரு நாள் போதுமா? அருவிகளையும் சேர்த்துப் பார்த்துவிட முடியுமா?

பதில்: ஊருக்கு ஒரு நாள் தாராளமாகப் போதும். அருவிகளை உங்கள் மனைவியின் முழங்காலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தொலைவு இங்கே பெரிய சிக்கல் இல்லை, சரிவுதான் சிக்கல். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்திலிருந்து லேனார்க்குக்கு நேர் ரயில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். லேனார்க்தான் கடைசி நிலையம் என்பதால் இறங்குமிடத்தைத் தவறவிடும் கவலை இல்லை. ஆனால் நீங்கள் இறங்கும் லேனார்க் மேட்டின் மேல் இருக்கும் சந்தை ஊர். நியூ லேனார்க்கோ அதற்குக் கீழே, ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. இடையில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு. போகும்போது இறக்கமாகவே இருப்பதால் நடந்துவிடலாம் என்று தோன்றும்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே அதிகத் தொல்லை தரும் என்பதை மறந்துவிடாதீர்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே பேருந்து நிறுத்தம் இருக்கிறது. பேருந்து நேரம் ஒத்துவராவிட்டால் டாக்சி எடுத்து, மேலே வாகன நிறுத்துமிடத்தில் இறங்காமல் ஊருக்குள்ளேயே கொண்டுவிடச் சொல்லுங்கள். அந்த நிறுத்துமிடத்திலிருந்து ஊருக்குள் இறங்கும் பாதையும் சரிவானதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலும் பேருந்தும் குறைவு என்பதால் வார நாளே உங்களுக்கு நல்லது.

இப்படி ஒரு பள்ளத்தில் கொண்டுபோய் ஏன் மில் கட்டினார்கள் என்று எரிச்சல் வரலாம். அந்தப் பள்ளம் இல்லையென்றால் மில்லே இல்லை. கிளாஸ்கோ வணிகரான டேவிட் டேல், நீர்விசை நூற்பு இயந்திரத்துக்குப் பெயர் பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட்டை அழைத்து வந்து இடத்தைக் காட்டி, 1785-இல் அடிக்கல் நாட்டினார். 1786-இல் நூற்பு தொடங்கியது. கிளைட் ஆறு இவ்விடத்தில் அருவி அருவியாகக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்துக்கு மேலே ஆற்று நீரைத் திருப்பி, பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கால்வாயில் விட்டு, மில்களின் சக்கரங்களுக்குக் கொடுத்தார்கள். பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தைத் தேடிப்போய் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் மில் வைத்ததும் இதே கணக்கில்தான். மில்களின் ஓரமாக இன்றும் நீர் ஓடும் அந்தக் கால்வாயை முதலில் பார்த்துவிடுங்கள். நிலக்கரியும் மின்சாரமும் இல்லாமல் நான்கு பெரிய மில்கள் எப்படி ஓடின என்பது அங்கேயே விளங்கிவிடும்.

ஊருக்குள் நுழையவும் தெருக்களில் நடக்கவும் கட்டணம் கிடையாது. பழைய தொழிலாளர் குடியிருப்புகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. காட்சிக்கூடங்களுக்குத்தான் சீட்டு வாங்க வேண்டும். 1820-ஆம் ஆண்டு வாழ்ந்த ஒரு மில் சிறுமி கதை சொல்வதாக அமைத்து, இருக்கையில் உட்கார வைத்து இருட்டுக்குள் நகர்த்திச் செல்லும் காட்சி ஒன்று அங்கே உண்டு. அது பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். உங்களைப் போன்றவர் அந்த நேரத்தை மூன்றாம் மில்லில் ஓடும் மியூல் என்ற பழைய நூற்பு இயந்திரத்தின் முன் செலவிடலாம் என்பது என் கருத்து.

ரிங் ஃபிரேம் நூற்பு இயந்திரத்தோடு பழகியவருக்கு மியூல் ஒரு விசித்திரம். ரிங் ஃபிரேமில் இழுப்பதும் முறுக்குவதும் சுற்றுவதும் ஒருசேர, நிற்காமல் நடக்கும். மியூலில் ஸ்பிண்டில்கள் (நூல் சுற்றும் கதிர்கள்) ஒரு நீண்ட வண்டியின் மேல் வரிசையாக நிற்கின்றன. அந்த வண்டி தண்டவாளத்தில் உங்களை நோக்கி வெளியே வரும்போது இழை நீண்டு முறுக்கேறுகிறது. வந்து நின்று, திரும்ப உள்ளே போகும்போதுதான் நூல் சுற்றிக்கொள்கிறது. இழை அறுந்தால் வண்டி வந்து போகும் அந்த இடைவெளியில் எட்டி, அறுந்த முனைகளை இணைத்துப் பீசிங் போட வேண்டும். இந்த வேலையைத்தான் அன்று பிள்ளைகள் செய்தார்கள். ஓடும் வண்டிக்கு அடியில் புகுந்து பஞ்சுத் தூசியைத் துடைத்தெடுத்ததும் அவர்களே. ஃபிரேமைக் கவனித்து அறுந்த இழைகளைச் சேர்க்கும் சைடர் வேலையை அருகிருந்து பார்த்த உங்களுக்கு அதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. இப்போது அங்கே நூற்கப்படுவது பருத்தி அல்ல, கம்பளி. அந்த நூல் கடையில் விற்பனைக்கும் கிடைக்கிறது.

இந்த ஊரின் புகழ் பெரும்பாலும் டேலின் மருமகன் ராபர்ட் ஓவனைச் சேர்ந்தது. டேல் காலத்தில், 1793 வாக்கில், 1,100-க்கும் மேற்பட்டோர் இங்கே வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் சிறுவர் சிறுமியர். 1800-இல் நிர்வாகத்தை ஏற்ற ஓவன், 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தி, அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினார். அடி இல்லாத, பாட்டும் நடனமும் கற்பித்த பள்ளி அது. நல்ல சரக்கை நியாய விலைக்குத் தந்த மில் கடையின் லாபம் பள்ளிக்குப் போயிற்று. பின்னாளில் தோன்றிய கூட்டுறவு இயக்கத்தார் அந்தக் கடையை முன்னோடியாகக் கொண்டாடுகிறார்கள். ஆனாலும் அவரை மகானாக்கும் விளக்கப் பலகைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அருகில் நான்கு நிறம் பூசிய ஒரு சிறு மரக்கட்டை தொங்கியது. முந்தைய நாள் நடத்தை மோசமென்றால் கறுப்புப் பக்கமும், பிறகு தரம் உயர உயர நீலம், மஞ்சள், வெள்ளைப் பக்கங்களும் முன்னால் தெரியும்படி மேற்பார்வையாளர் திருப்பி வைப்பார். அந்தக் கட்டையின் பக்கத்தில் நின்று, மேஸ்திரியின் திட்டு மேலா, இந்த மௌனக் கண்காணிப்பு மேலா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஓவன் வீடு, தொழிலாளர் வீடு, பள்ளி ஆகியவற்றில் நேரம் குறைந்தால் பள்ளியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1968-இல் மில் மூடப்பட்ட பிறகு பாழடைந்து கிடந்த ஊரை, 1974-இல் அமைந்த பாதுகாப்பு அறக்கட்டளை மெல்ல மெல்ல மீட்டது. 2001-இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

அருவிகளுக்கு வருவோம். இங்குள்ள மூன்று அருவிகளில் சிறியதான டண்டாஃப் லின் ஊரை ஒட்டியே இருக்கிறது. உங்கள் மனைவி வலியின்றிப் பார்க்கக்கூடியது அதுதான். சுமார் 26 மீட்டர் உயரமுள்ள கோரா லின் ஆற்றோரக் காட்டுப் பாதையில் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருக்கிறது. பானிங்டன் லின் அதற்கும் அப்பால். பாதையில் ஏற்ற இறக்கமும் படிகளும் உண்டு, அக்டோபரில் உதிர்ந்த இலைகள் ஈரத்தில் வழுக்கும். எனவே கோரா லின்னுக்கு நீங்கள் மட்டும் போய்வருவது நல்லது. அதுவரை உங்கள் மனைவி இரண்டாம் மில்லின் கூரைத் தோட்டத்துக்கு லிஃப்டில் ஏறி, அங்கிருந்தே பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கலாம். இன்னொன்று: 1927 முதல் இங்கே ஒரு நீர்மின் நிலையம் இயங்குகிறது. ஆற்று நீரின் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்வதால், வறண்ட நாட்களில் அருவி மெலிந்திருக்கும். ஓரிரு நாள் நல்ல மழை பெய்த பிறகு போனால் அருவியின் முழு வீச்சும் தெரியும். குடையைவிடத் தொப்பி வைத்த மழைச் சட்டை அங்கே உதவும்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவார்கள். அதற்கு முன்பு மாலை ஆறு மணி வாக்கில் மறையும் சூரியன், அதன் பின் நாலரை மணியை ஒட்டி மறைந்துவிடும். ஆகவே அந்த ஞாயிறுக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாளைப் பிடித்து, காலை பத்து மணியளவில் ஊரில் இருக்கும்படி கிளம்பி, அருவி நடையை மதிய உணவுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மில் கூடங்களைப் பிற்பகலில் நிதானமாகப் பார்க்கலாம். திறப்பு நேரத்தையும் மியூல் ஓடும் நேரத்தையும் கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

உணவில் ஓர் எச்சரிக்கை. மில் கட்டடத்திலேயே சிற்றுண்டிச் சாலை இருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் பருப்பு சூப் பார்வைக்குச் சைவமாகத் தெரிந்தாலும், பன்றி இறைச்சி வேகவைத்த நீரில் செய்வதே பழைய வழக்கம். கேட்காமல் வாங்க வேண்டாம். வேகவைத்த உருளைக்கிழங்கும் சீஸ் சாண்ட்விச்சும் பாதுகாப்பானவை. அதுவும் தயக்கமென்றால் மகள் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போய் ஆற்றோரப் பெஞ்சில் சாப்பிடுங்கள்.

ஒரே நாளில் ஏறி இறங்குவது மனைவிக்குச் சிரமம் என்று மகள் கருதினால், முதல் மில்லே 1998 முதல் விடுதியாக இயங்குகிறது. ஓர் இரவு அங்கே தங்கி, முதல் நாள் மில்களையும் மறுநாள் காலை அருவியையும் பார்க்கலாம். அறை பதிவு செய்யும்போது முழங்கால் வலியைச் சொல்லி, லிஃப்டுக்கு அருகில் அறை கேளுங்கள்.