'கேட்டராக்ட்' தெரிந்த பிள்ளை டாக்டராகத்தான் ஆக வேண்டுமா?

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தபோது, மண்டபத்துப் பக்கமிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு, அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க என்னிடம் வந்தார்கள். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடப்பதால்தான் மகள் படிப்பைப் பற்றிப் பேச அவருக்கு நேரமே கிடைத்திருக்கிறது. பிள்ளை நீட் எழுதியிருக்கிறாள். விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்ததில் 720-க்கு 200-ஐத் தொடவில்லை. துபாயில் இருக்கும் தாய்மாமன் தினமும் போன் செய்து, இன்னொரு வருடம் கோச்சிங்கில் தங்கிப் படிக்கட்டும், ஐம்பதாயிரம் நான் தருகிறேன், மிச்சத்துக்கு நகையை வையுங்கள் என்கிறாராம்.

முதல் பத்து நிமிடம் நானும் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். பயப்படாதீர்கள், வழி இருக்கிறது, மார்க் மட்டும் வாழ்க்கை இல்லை. அப்புறம் அந்த அம்மா பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "எவ்வளவு டாக்டர் வார்த்தை எழுதி வச்சிருக்கா பாருங்க சார், இவ டாக்டராகாம வேற யாரு ஆவா?"

அந்த நோட்டைப் புரட்டியபிறகு ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அதில் இருந்தவை டாக்டர் வார்த்தைகள் இல்லை. ஒரே மாதிரி தொடங்கும் ஆங்கிலச் சொற்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, எது எதற்கு உறவு, எது வெறும் முகச்சாயல் என்று கோடு போட்டுப் பிரித்திருக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க 'கேட்ட' என்று தொடங்குபவை. கேட்டலாக், கேட்டலிஸ்ட், கேட்டராக்ட், கேட்டஸ்ட்ரஃபி. கிரேக்கத்தில் 'கட்டா' என்றால் கீழ்நோக்கி. கண்புரைக்கு நாம் சொல்கிற கேட்டராக்ட்டுக்கு மூல அர்த்தம் மேலிருந்து பாய்ந்து விழுவது. அருவிக்கும் அதே பெயர்தான், கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் கதவுக்கும் அதே பெயர்தான், கண்ணில் கதவு இறங்கியதுபோல் பார்வை மறைவதால் நோய்க்கும் அதுவே வந்தது. வேதியியல் புத்தகத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்கிற கேத்தோடும் இதே வீட்டுப் பிள்ளை, கீழே போகும் வழி என்று பொருள். பக்கத்தின் அடியில் தனியாகக் கட்டம் போட்டு இரண்டு சொற்கள். ஒன்று கேட்டர்பில்லர்: பழைய பிரெஞ்சில் 'மயிர் அடர்ந்த பூனை' என்பதிலிருந்து வந்த கம்பளிப்பூச்சி. இன்னொன்று கேட்டமரான்.

கேட்டமரான் நம் கட்டுமரம். கட்டு, மரம். இந்தக் கடற்கரைச் சொல்லை 1690-களிலேயே ஆங்கிலக் கப்பல்காரர்கள் எழுதி எடுத்துப் போய்விட்டார்கள். இன்று அவர்கள் ஊரில் கேட்டமரான் என்றால் இரட்டை உடல் வைத்த சொகுசுப் படகு, நாம் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. கேட்டலாக்கும் கேட்டமரானும் அகராதியில் பக்கத்துப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன, ஆனால் ஒன்று ஏதென்ஸ், ஒன்று நம் கரை. பதினேழு வயதுப் பிள்ளை இதைத் தானாகப் பிரித்துக் கட்டம் கட்டியிருக்கிறாள்.

அடுத்த பக்கம் 'பென்'. பெனின்சுலா என்றால் லத்தீனில் 'ஏறக்குறைய தீவு'. தீபகற்பமும் அப்படித்தான், சமஸ்கிருதத்தில் தீவைப் போன்றது என்று பொருள், கர்ப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மண்டபம் முனையில் நின்று பாம்பன் தீவைப் பார்க்கிற பிள்ளைக்கு 'ஏறக்குறைய' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிரகணப் பாடத்தில் வரும் பெனம்ப்ரா ஏறக்குறைய நிழல், பெனல்டிமேட் ஏறக்குறைய கடைசி, அதாவது கடைசிக்கு முந்தையது. ஆனால் பேனாவான பென் பறவை இறகு. பென்சிலும் பெனிசிலினும் சிறு வால் போன்ற தூரிகை. அந்தப் பூஞ்சை நுண்ணோக்கியில் அப்படித் தெரியும். பெண்டுலமும் பெண்டிங்கும் தொங்குவது. ஒரே வாசல், உள்ளே நாலு குடும்பம்.

அப்பாவைப் பார்த்து நான் கேட்டேன், அண்ணே, நாட்டிக்கல் மைல் என்கிறீர்களே, அது என்ன என்று. கடல் மைல், 1,852 மீட்டர் என்றார். மகள் குறுக்கே புகுந்து, நாட்டிக்கல், நாசியா, ஆஸ்ட்ரோநாட் மூன்றும் கிரேக்கத்தில் கப்பலைச் சேர்ந்தவை, முதல் தடவை படகேறுகிறவன் வாந்தியெடுப்பானே, அந்தக் குமட்டல்தான் நாசியா, ஆஸ்ட்ரோநாட் விண்மீன் மாலுமி, ஆனா 'நாட்டி' மட்டும் இந்தக் குடும்பம் இல்ல சார், அது ஒன்றுமில்லாதவன் என்பதிலிருந்து கெட்டவனாகி இப்போது சேட்டைக்காரப் பிள்ளையாகிவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். வந்ததிலிருந்து வாயே திறக்காத பிள்ளை அவள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். டியூஷனில் 'பாரா என்றால் பக்கத்தில்' என்று பட்டியல் கொடுத்தார்களாம். பாராசைட் சரி, பக்கத்தில் உட்கார்ந்து தின்கிறவன். அப்படியானால் பாராசூட் எதற்குப் பக்கத்தில் என்று இவள் கேட்டிருக்கிறாள். அது பரீட்சைக்கு வராது, உட்கார் என்று பதில். (அந்த பாரா வேறு. 'தடுப்பது' என்ற பொருளில் இத்தாலியன் வழியாக வந்தது, விழுவதைத் தடுப்பது பாராசூட்.)

இப்போது அந்த அம்மாவுக்கும் துபாய் மாமாவுக்கும் என் பதில். கேட்டராக்ட் என்ற சொல் அருவியிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வேறு, புரை விழுந்த கண்ணை அறுத்துச் சரிசெய்யும் ஆசை வேறு. உங்கள் மகளுக்கு இருப்பது முதல் ஆசை. நோட்டில் அறுபது பக்கம் இருக்கிறது, அதில் ஒரு நோயின் அறுவை முறை, மருந்து, உடல் உறுப்பு வேலை செய்யும் விதம் பற்றி ஒரு வரி கிடையாது. உயிரியல் பிடிக்குமா என்று நான் தனியாகக் கேட்டபோது, பெயர்கள் பிடிக்கும் என்றாள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2020-லிருந்து இருக்கிறது, அதனால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுப் போட்டதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். ஆனால் அது டாக்டராக வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைக்கான கதவு. துடிப்பில்லாத பிள்ளையை நகையை அடகு வைத்து அதற்குள் தள்ளக்கூடாது. ஒரு வருடக் கோச்சிங்குக்கும் தங்குமிடத்துக்கும் நீங்கள் சொன்ன தொகை ஒன்றரை லட்சம். மாமா ஐம்பதாயிரம் தந்தாலும் ஒரு லட்சத்துக்கு வட்டி கட்டப்போவது படகில் பங்குக்குப் போகும் மனிதர், அதுவும் வருடத்தில் இரண்டு மாதம் வருமானமே இல்லாதவர். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். நகையை வைக்காதீர்கள்.

சரி, வேறு என்ன? பேங்க் பரீட்சை, குரூப் நான்கு, பி.எட், நர்சிங் எல்லாம் ஊரில் ஆளாளுக்குச் சொல்வார்கள், நான் எழுதத் தேவையில்லை. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: மொழியியல்.

பெயரைக் கேட்டதும் தமிழ் இலக்கியம் என்றோ ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றோ நினைத்துவிடாதீர்கள். வாயில் ஓர் ஒலி எங்கே பிறக்கிறது, சொல் எப்படிக் கட்டப்படுகிறது, பொருள் எப்படி மாறுகிறது, எந்த மொழிக்கு எது உறவு, குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்று மொழியை அறிவியலாகப் படிக்கிற படிப்பு. உங்கள் மகள் நோட்டில் செய்திருப்பது அதில் ஒரு பாடம், சொற்பிறப்பியல். கருவேலம், கருங்கல் இரண்டிலும் உள்ள 'கரு' கறுப்பு, கருப்பையில் உள்ள 'கரு' வேறு என்று நாம் தமிழில் யோசிக்காமலே பிரிக்கிறோமே, அதை யோசித்து, ஆதாரத்தோடு, தெரியாத மொழியிலும் பிரிக்கக் கற்றுக்கொடுப்பார்கள்.

இந்த வேலைக்கும் நம் மண்ணுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி 1816-ல், தமிழ், தெலுங்கு, கன்னடத்தின் வேர்ச்சொற்களை வரிசையாகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டி, இவை ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று நிறுவினார். கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியதற்கு 40 வருடம் முன்பு. எது உண்மையான உறவு, எது கடன் வாங்கியது என்று கட்டம் கட்டிப் பிரித்த அந்த மனிதர் 1819-ல் இறந்தது நம் ராமநாதபுரத்தில்தான்.

எப்படிப் போவது என்று சொல்கிறேன். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சேரும் ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்.ஏ. இருக்கிறது, மொழி அறிவியலில். அதற்கு சி.யு.இ.டி. என்கிற, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம். அதன் விண்ணப்பத் தேதி பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு வெகு முன்பே முடிந்துவிடும், நம் கரைப் பிள்ளைகள் பாதிப்பேர் கேள்விப்படுவதே அதற்குப் பிறகுதான். பதினொன்று, பன்னிரண்டில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இவளுக்கு அது தவறிவிட்டது, அதற்காக ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரியோ அரசு மகளிர் கலைக் கல்லூரியோ, பி.ஏ. ஆங்கிலம் சேரட்டும். அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் ஒரு மாத வீட்டுச் செலவைத் தாண்டாது, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்று வருடம் கழித்து எம்.ஏ. மொழியியல், பெரும்பாலான இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பேர்பெற்ற உயராய்வு மையம் உண்டு, கோவை பாரதியாரிலும் திருவனந்தபுரம் கேரளப் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது.

வேலை? மைசூரில் 1969-லிருந்து இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்குகிறது. அகராதி, மொழிபெயர்ப்பு, இந்திய மொழிகளின் பேச்சையும் எழுத்தையும் கணினிக்காகத் தொகுக்கும் திட்டம் எல்லாம் அங்கே நடக்கின்றன. மத்திய அரசின் பாஷிணி திட்டம் 2022-லிருந்து கணினியை நம் மொழிகளில் பேச, மொழிபெயர்க்க வைக்கிறது. இந்த மாதிரி வேலைகளில் தமிழ்ச் சொல்லை உடைத்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும், நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டும் போதாது. கூடவே பைத்தான் என்கிற நிரல்மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. மேலே படிக்க விரும்பினால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆராய்ச்சிக்குமான யு.ஜி.சி. நெட் தேர்வில் மொழியியல் தனிப்பாடம், அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர அரசு வேலைகள் குறைவு. ஆரம்பத்தில் ஒப்பந்த வேலை, திட்ட வேலைதான் அதிகம். ராமநாதபுரத்திலேயே உட்கார்ந்து சம்பாதிக்க முடியாது, மைசூர், சென்னை, ஹைதராபாத் என்று போக வேண்டிவரும், பெண் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு பேசுவோம். ஆனால் நீட் கோச்சிங்குக்கு வெளியூர் அனுப்பத் தயாராக இருந்தவர்கள் இதற்கு மட்டும் தயங்குவது எனக்குப் புரியவில்லை.

பாப்பா, உனக்கு ஒரு வேலை. நோட்டில் ஆங்கிலத்துக்கு அறுபது பக்கம், தமிழுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. உன் தாத்தா வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்வார். படகின் ஒவ்வொரு பாகத்துக்கும், வலையின் ஒவ்வொரு கண்ணுக்கும், நீரோட்டத்துக்கும் அவரிடம் சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றாமல், அவர் வாயில் வருகிறபடியே எழுது. எப்போது சொல்வார், எதற்குச் சொல்வார், பாம்பன்காரர் அதையே வேறு மாதிரி சொல்கிறாரா என்றும் கேட்டு எழுது. எம்.ஏ. நேர்காணலில் எந்தச் சான்றிதழையும்விட அந்த நோட்டைத்தான் நீட்டப்போகிறாய்.

அண்ணே, நீங்கள் ஜூன் 14 ராத்திரி கடலுக்குக் கிளம்பிவிடுவீர்கள். அதற்குள் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் எடுத்துவிடுங்கள், மகள் பெயரில் பேங்க் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட ரசீதோடு செவ்வாய்க்கிழமை மூவரும் வாருங்கள், மாமாவிடம் நானே போனில் பேசுகிறேன்.