வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: அமெரிக்காவில் கவர்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே, அங்கேயும் கட்சி உடைந்து முடிவு மாறியது உண்டா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: உண்டு. அங்கே கவர்னர் என்றால் நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி, டெல்லியிலிருந்து அனுப்பப்படுகிறவர் இல்லை. எனக்கு உடனே ஞாபகம் வருவது 1966 ஜார்ஜியா. ஜனநாயகக் கட்சிக்கு அது கோட்டை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் முன்னாள் கவர்னர் எல்லிஸ் அர்னால் முதலிடம், லெஸ்டர் மேடக்ஸ் இரண்டாமிடம். பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் மூன்றாமிடம். யாருக்கும் பாதி ஓட்டு வராததால் முதல் இருவருக்கும் மறுபடி ஓட்டெடுப்பு, அதில் மேடக்ஸ் ஜெயித்துவிட்டார். அட்லாண்டாவில் ஓட்டல் நடத்தியவர் அவர், 1964ல் நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்த பிறகும் கறுப்பின மக்களை உள்ளே விடாமல் விரட்டி, கடைசியில் அவர்களுக்குப் பரிமாற மனமில்லாமல் கடையையே மூடியவர். இரட்டைக் குவளையைப் பார்த்த நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவரைப் பொறுக்க முடியாத கட்சிக்காரர்கள், குடியரசுக் கட்சியின் போ கேலவேக்கும் போட மனம் வராமல், வாக்குச்சீட்டில் இல்லாத அர்னால் பெயரைக் கையால் எழுதிப் போட்டார்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேல். கேலவே மேடக்ஸைவிட சுமார் 3,000 ஓட்டு முன்னால் வந்தார், ஆனால் பாதியைத் தாண்டவில்லை. அப்படியானால் சட்டமன்றம் முடிவு செய்யும் என்பது அந்த மாநில விதி, உச்ச நீதிமன்றமும் 5-4 என்று அதைச் சரி என்றது. சட்டமன்றத்திலோ பெரும்பான்மை ஜனநாயகக் கட்சி. 1967 ஜனவரியில், இரண்டாவதாக வந்த மேடக்ஸ் கவர்னர் ஆனார். பெயர் எழுதிப் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, மக்கள் போட்ட ஓட்டை எண்ணி முடித்த பிறகும் வேறு யாரோ முடிவெடுக்க இடம் கொடுத்தார்களே, அந்த விதி மேல்தான் கோபம். 1968ல் அதை மாற்றி, மறு ஓட்டெடுப்பு கொண்டுவந்தார்கள்.

கேள்வி: அப்போ 1989ல் நம் பக்கம் நடந்தது? (வாசகர், தல்லாகுளம்)

பதில்: நமக்குப் பாதி ஓட்டு தேவையில்லை, மற்றவரைவிட ஒரு ஓட்டு அதிகம் இருந்தால் போதும், அதனால் கட்சி உடைந்தால் அடி நேராக விழும். எம்ஜிஆர் மறைந்த பிறகு அதிமுக இரண்டாக உடைந்து, இரட்டை இலைச் சின்னம் முடங்கி, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. ஆண்டிபட்டியும் போடியும் அப்போது மதுரை மாவட்டம்தான். போடியில் ஜெயலலிதா ஜெயித்தார், எம்ஜிஆர் 1984ல் ஜெயித்த ஆண்டிபட்டியிலேயே ஜானகி தோற்றார், 13 வருஷம் கழித்து திமுக ஆட்சிக்கு வந்தது. மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் மட்டும் தேர்தல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அதற்குள் இரண்டு அணியும் சேர்ந்து இரட்டை இலையும் திரும்பக் கிடைத்திருந்தது, ஆளுங்கட்சியை எதிர்த்து நின்று அந்த இரண்டு தொகுதியையும் அதிமுக எடுத்துக்கொண்டது.