வெறும் காபியோடு காரை எடுக்காதீர்கள்

கேள்வி: நங்கநல்லூரில் வசிக்கிறோம். எனக்கு 68 வயது, மனைவிக்கு 64. வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு காரை எடுத்துக்கொண்டு நிதானமாக ஊர் ஊராகப் போய்வருவதுதான் எங்கள் இருவருக்கும் பெரிய சந்தோஷம். மகள் கோயம்புத்தூரில், மகன் பெங்களூரில், மைத்துனர் மதுரையில் இருக்கிறார்கள். போகும் வழியில் கும்பகோணம், தஞ்சாவூர் என்று இரண்டு நாள் தங்கிக் கோயில்களைப் பார்ப்போம். எனக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரையைக் காலையும் இரவும் எடுக்கிறேன். இரவு 9 மணிக்கு கிளார்ஜின் இன்சுலின். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆஸ்பிரினும் மெட்டோப்ரோலாலும், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மருந்து கலந்த மாத்திரையும் உண்டு. தை மாதம் மதுரைக்குப் போகும்போது காலை 4.30 மணிக்குக் காபியும் மாத்திரையும் சாப்பிட்டுக் கிளம்பினோம். விழுப்புரத்தில் டிபன் சாப்பிடலாம் என்று திட்டம். திண்டிவனம் அருகே உடம்பெல்லாம் வியர்த்து, மயக்கம் போல் வந்தது. மனைவி கொடுத்த மிட்டாயைச் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. தொடர்ந்து ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மனைவிக்கு மூட்டுவலி உண்டு. வழியில் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரே குடிக்க மாட்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும் கால் வீக்கமும் நீர்க்கடுப்பும் வந்துவிடுகின்றன. பிள்ளைகள், 'இனி காரே வேண்டாம்' என்கிறார்கள். நாங்கள் பயணத்தை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம், ஐயா. வேலைக்காலத்தில் கிடைக்காத நிதானம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதும், மனைவியோடு கோயில் பிரகாரத்தில் நடப்பதும் உடம்புக்கும் மனதுக்கும் எவ்வளவு நல்லது என்பதை என் நோயாளிகளிடம் நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் திண்டிவனத்தில் நடந்ததை 'மயக்கம் போல்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான்.

கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. வீட்டில் மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் இட்லி வந்துவிடுகிறது, அதனால் தொல்லை இல்லை. அன்று நீங்கள் 4.30 மணிக்கு மாத்திரையைப் போட்டீர்கள். பெருங்களத்தூர், வண்டலூர் நெரிசலைத் தாண்டி, பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்து, விழுப்புரம் போய்ச் சேர மூன்று மணி நேரம்கூட ஆகலாம். முந்தைய இரவு போட்ட இன்சுலினும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. சர்க்கரை தாழ்ந்ததில் வியப்பே இல்லை.

ஆகவே முதல் மாற்றம் மிக எளியது. பயண நாளில் அந்த மாத்திரை உங்களோடு காரில் வரட்டும். இலையில் டிபன் வந்த பிறகு அதை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, ஐந்தரை மணிக்கு வீட்டிலேயே நான்கு இட்லி சாப்பிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு, ஆறு மணிக்குக் கிளம்புவது. இருட்டோடு கிளம்பினால்தான் நெரிசலைத் தாண்டலாம் என்ற கணக்கு எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேர லாபத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரை இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை அது. இதயத்துக்காக நீங்கள் எடுக்கும் மெட்டோப்ரோலால் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. எனவே குளிர்சாதனம் ஓடும் காரில் காரணமில்லாமல் வியர்த்தால், அதுவே உங்களுக்கான மணி. உடனே ஓரமாக நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். அது முன்னிருக்கையில், மனைவியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருந்து பயனில்லை. 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பாதாம் அல்வாவும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஏறிவிட்டால் இரண்டு இட்லியோ, வாழைப்பழமும் பிஸ்கட்டுமோ சாப்பிடுங்கள். கிளிமிபிரைடு பல மணி நேரம் வேலை செய்யும் மருந்து என்பதால், மிட்டாயில் ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்கிவிடக்கூடும். அன்று மிட்டாயோடு நிறுத்திக்கொண்டு மதுரைவரை ஓட்டியது ஆபத்தானது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். அளவு இயல்புக்கு வந்த பிறகும் மூளை முழுத் தெளிவுக்கு வர முக்கால் மணி நேரமாவது வேண்டும். அதற்குமுன் ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது. நீங்கள் நினைவிழந்துவிட்டால் மனைவி வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். இதை அவருக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள்.

சரி, வியர்க்கிறது, ஆனால் குளுக்கோமீட்டர் 140 காட்டுகிறது என்றால்? அப்போது இதயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெடுங்காலச் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம்; வியர்வை, மூச்சுத்திணறல், இனம் தெரியாத அசதி, இவ்வளவுதான் இருக்கும். ஸ்டென்ட் வைத்தவர் இந்த நிலையில், 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டவே கூடாது. நின்ற இடத்திலிருந்து 108. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணும் உண்டு.

காரை எடுப்பதற்கு முன்பும், வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சர்க்கரையைப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிடாமல் ஓட்டாதீர்கள். இன்சுலின் பேனாவையும் ஸ்ட்ரிப்புகளையும் நிறுத்திய காரில் விட்டுப் போகக் கூடாது. நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். மருந்து பார்க்க அதேபோல் இருக்கும், வீரியம் போயிருக்கும். பயன்பாட்டில் உள்ள பேனாவைத் துணிப்பைக்குள் வைத்து, நீங்கள் இறங்கும் இடத்துக்கெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். ஐஸ் கட்டி மீது நேராக வைத்து உறையவிட்டாலும் கெட்டுவிடும்.

இப்போது உங்கள் மனைவிக்கு வருகிறேன். இந்தப் பிரச்சினையைப் பெண்கள் பலரும் வெளியே சொல்வதில்லை. நீங்கள் எழுதியதற்கு நன்றி. தண்ணீர் குடிக்காமல், வந்த சிறுநீரையும் அடக்கிக்கொண்டு ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தால் கிருமிகள் பெருகச் சிறுநீர்ப்பையே இடம் கொடுக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, அந்தப் பகுதியின் இயற்கையான பாதுகாப்பும் குறைந்திருக்கும். 'தண்ணீர் குடி' என்று அவரை அதட்டிப் பயனில்லை, ஐயா. அவருக்கு மூட்டுவலி. நெடுஞ்சாலையோரக் கழிப்பறைகள் பலவற்றில் குந்தித்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழ முடியாது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்காது. அந்த அச்சத்தில்தான் தண்ணீரை ஒதுக்குகிறார். வயதான பெண்கள் பயன்படுத்தக்கூடிய, சுத்தமான, கைப்பிடியுள்ள கழிப்பறை நம் சாலைகளில் இன்னும் எளிதில் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மடக்கக்கூடிய கமோட் நாற்காலி மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும். டிக்கியில் அடங்கிவிடும். குந்தும் கழிப்பறையின் மேலேயே அதைப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பயணத்திலும் மேற்கத்திய பாணிக் கழிப்பறை எந்த பெட்ரோல் பங்கில், எந்த உணவகத்தில் நன்றாக இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து, அந்த இடங்களை நிறுத்தங்களாக வைத்துக் கிளம்புங்கள். எங்கே இறங்கலாம் என்பது முன்கூட்டியே தெரிந்தால் அவர் தானாகவே தண்ணீர் குடிப்பார். மீண்டும் கடுப்பு வந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போட வேண்டாம். சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை செய்து, கிருமி எது என்று பார்த்து மருந்து எடுக்க வேண்டும். அடிக்கடி வருவதால் மகளிர் மருத்துவரிடமும் காட்டுங்கள். பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் சிலருக்கு நன்றாக உதவுகிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ, விலாப்புறத்தில் வலியோ இருந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றே மருத்துவமனை.

கால் வீக்கம் இரண்டு காலிலும் ஒரே அளவில் இருந்து, இரவு படுத்து எழுந்ததும் வடிந்துவிட்டால் பெரும்பாலும் தொங்கவிட்டு உட்கார்ந்ததால் வருவதுதான். ரத்த அழுத்தத்துக்கு அவர் அம்லோடிபின் எடுத்தால் அதுவும் கணுக்காலை வீங்கவைக்கும். ஒரு காலில் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் அது வேறு கதை. உள்ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. அப்போதும் அது அரிதானதே, பயப்பட வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் அவர் காலுக்கும் நல்லது, உங்கள் இடுப்புக்கும் நல்லது.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரியும் மருந்து கலந்திருப்பதால் பயண நாளில் அதைப் போடாமல் விடும் பழக்கம் உண்டா என்று சந்தேகிக்கிறேன். பலர் விடுகிறார்கள். அடியோடு விடுவதைவிட, அன்று மட்டும் ஊர் சேர்ந்த பிறகு பிற்பகலில் எடுக்கலாமா என்று உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்பிரினை ஒரு நாள்கூட விடக் கூடாது.

கும்பகோணம், தஞ்சாவூர் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய கோயிலின் கல்தளம் நண்பகலில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் மரத்துப்போயிருந்தால் அந்தச் சூடு உறைக்காது. பக்தியோடு சுற்றிவிட்டு வருவார்கள், அறைக்கு வந்து பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகி, விரலை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். காலை 9 மணிக்கு முன்போ, மாலை 5 மணிக்குப் பின்போ போங்கள். கெட்டியான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலை மனைவி ஒருமுறை பார்த்துவிடட்டும்.

உறவினர் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் சிகிச்சை அதிகம் தடம் மாறுகிறது என்பது என் அனுபவம். மகன் அலுவலகத்திலிருந்து இரவு பத்து மணிக்கு வருவார். எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். மதுரையில் மைத்துனர் வீட்டில் வேறு மாதிரி: கறிக்குழம்பு, பாயசம், 'மாப்பிள்ளை சாப்பிடவே இல்லையே' என்று மறுபடியும் ஒரு கரண்டி. முதல் வீட்டில் சர்க்கரை இறங்கும், இரண்டாம் வீட்டில் ஏறும். நீங்கள் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, மகன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அன்புக்கு அதனால் குறைவு வராது. கிளார்ஜினை எந்த வீட்டில் இருந்தாலும் அதே 9 மணிக்குப் போடுங்கள். போய்ச் சேரும் முன்பே மருமகளிடமும் மைத்துனர் மனைவியிடமும் சாப்பாட்டு நேரத்தை போனில் சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இருக்காது.

இனி, யார் ஓட்டுவது? சர்க்கரை தாழ்வது நின்றுவிட்டது என்று உறுதியாகும்வரை நீண்ட தூரத்துக்கு ஆக்டிங் டிரைவரை அமர்த்துங்கள். மகாபலிபுரம் போன்ற பக்கத்து ஊர்களுக்கும் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, பகலில் மட்டும் ஓட்டுங்கள். எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசவைக்கிறதென்றால் கண்புரையாக இருக்கலாம். விழித்திரையையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். கோயம்புத்தூர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சேலத்தில் ஓர் இரவு தங்கிப் போனால் இருவருக்குமே உடம்பு தாங்கும்.

அடுத்த பயணத்துக்கு முன் உங்கள் சர்க்கரை நோய் மருத்துவரைப் பாருங்கள். திண்டிவனத்தில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்து, கிளிமிபிரைடைக் குறைக்கலாமா, சர்க்கரையை அதிகம் தாழ்த்தாத வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இந்த வயதில், ஸ்டென்டும் இன்சுலினும் உள்ளவருக்கு ஹெச்பிஏ1சி 7.5-ஐ ஒட்டி இருந்தாலே போதும், 6.5-க்கு இறக்க வேண்டும் என்று முயன்றால் தாழ்சர்க்கரைதான் மிஞ்சும். மருந்துச் சீட்டையும் ஆஞ்சியோ அறிக்கையையும் படம் எடுத்து உங்கள் இருவர் போனிலும், பிள்ளைகள் போனிலும் வைத்திருங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, பெங்களூரிலிருந்து மகனையோ கோயம்புத்தூரிலிருந்து மகளையோ போனில் பேசவைத்து, மருந்து மாற்றத்தை அவர்களும் நேரடியாகக் கேட்கும்படி செய்யுங்கள்.