ரப்பர் புழுவும் ஈயக் குண்டும்: வாசகர் கேள்வி பதில்

தூண்டிலில் இரையாக மாட்டுகிற ரப்பர் புழுவை வீட்டிலேயே வார்க்கலாம் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க வார்ப்பு வேலைக்கே ஒதுக்கிவிட்டேன். கெண்டைக்கு மாவு பிசைவது பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கட்டியபோது மிஞ்சிய பிவிசி பைப் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன. ரப்பர் புழுவும் பிவிசிதான் என்கிறார்களே, அதையே உருக்கி ஊற்றலாமா? பழைய ஹவாய் செருப்பு ஆகுமா?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

பைப்பை அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள், தம்பி. பெயர்தான் ஒன்று. பைப்பில் இருப்பது இளக்கி, அதாவது பிளாஸ்டிக்கை வளையச் செய்கிற பொருள், சேர்க்காத கெட்டிப் பிவிசி. அது நீங்கள் நினைக்கிற மாதிரி உருகி ஓடாது. கருகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். கண்ணிலும் மூச்சுக்குழலிலும் ஈரத்தைத் தொட்டதும் அது அமிலமாகிவிடும். ரப்பர் புழுவுக்கு வேண்டியது பிளாஸ்டிசால் என்கிற பால் மாதிரியான திரவம். பிவிசிப் பொடியை எண்ணெய் போன்ற இளக்கியில் கலந்து விற்கிறார்கள். சூடேற்றினால் பொடி இளக்கியை உறிஞ்சிக்கொள்ளும், ஆறினால் ரப்பராக நிற்கும்.

சூட்டை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். முதலில் வெள்ளையாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் ராகிக்களி கிண்டுவது போலக் கையை இழுக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் கெட்டுப்போச்சு என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் கிண்டுங்கள். 170, 175 டிகிரி செல்சியஸ் வாக்கில் மறுபடி இளகி, கண்ணாடியாகத் தெளியும். அப்போதுதான் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் விட்டால் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பு. மூக்கைக் குத்துகிற நெடி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மைக்ரோவேவில் செய்கிறவர்கள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கலக்க வேண்டும். அந்த மைக்ரோவேவில் பிறகு சோறு சுட வைக்கக் கூடாது. கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் கட்டாயம். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும் சரக்கு இது.

செருப்பு வேறு கதை. ஹவாய் செருப்பு ரப்பர் ஒருமுறை வெந்து முடிந்தது, இனி உருகாது. ஆனால் மிதக்கும். பிளேடால் செதுக்கித் தவளை செய்யுங்கள். வயிற்றில் ஒரு கீறல் போட்டு இரட்டை முள்ளைச் செருகினால் குட்டை விராலுக்கு அது ஒன்றே போதும்.

நான் பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்களிடம் டின் டின்னாக பிளாஸ்டிசால் மை இருக்கிறது. அதிலேயே புழு வார்க்கலாமா?
வாசகர், திருப்பூர்

திருப்பூரிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பனியனில் அடிக்கிற மையும் புழு வார்க்கிற சரக்கும் ஒரே குடும்பம்தான். உங்கள் மை 160 டிகிரி சுற்றுவட்டாரத்தில் வேகிறது, இது அதற்குச் சற்று மேலே. ஆனால் மை துணி மேல் மெல்லிய படலமாக உட்காருவதற்காகச் செய்தது. நிறமியும் நிரப்பியும் அதில் அதிகம். கட்டியாக வார்த்தால் கெட்டியாகி, வாலைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். அதனால் மையை நிறத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கப் பிளாஸ்டிசாலுக்கு ஒரு குச்சி நுனி மை போதும், நன்றாகப் பிடிக்கும்.

இரண்டு விஷயம். பஃப் மை வேண்டாம். சூட்டில் வாயு விட்டு உப்புவதற்கென்றே செய்தது அது, புழு பஞ்சாகிவிடும். வாட்டர் பேஸ் மை அறவே கூடாது. சூடான பிளாஸ்டிசாலில் ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தால் முகத்தில் தெறிக்கும். ஐரோப்பிய ஆர்டருக்கு அடிக்கிற பட்டறைகளில் தாலேட் (உடம்புக்கு ஆகாத ஒரு வகை இளக்கி) இல்லாத மை வைத்திருப்பார்கள். நிறத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் கேட்டுவிட்டு!

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்து ஊற்றினேன். புழு முழுக்கப் பொத்தல் பொத்தலாக வருகிறது. சில இடத்தில் அச்சோடு ஒட்டிக்கொண்டு கிழிகிறது. எங்கே தவறு?
வாசகர், பள்ளிபாளையம்

இந்தக் கடிதம்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இது என் தொழில். கோவை கணபதிப் பக்கம் டை ஃபிட்டராக, அதாவது அச்சு வேலை செய்கிறவனாக, இருந்த காலத்தில் வார்ப்பில் பொத்தல் விழுந்தால் ஃபவுண்டரிக்காரர்கள் முதலில் கேட்பது "மணல் ஈரமா?" என்றுதான். உங்களுக்கும் அதே கேள்விதான். பிளாஸ்டர் தொட்டால் காய்ந்தது போல இருக்கும். உள்ளே தண்ணீர் உட்கார்ந்திருக்கும். 170 டிகிரி சரக்கு மேலே பட்டதும் அது ஆவியாகிப் புழுவுக்குள் ஏறுகிறது. அதுதான் உங்கள் பொத்தல்.

முதலிலிருந்து சொல்கிறேன். 100 கிராம் பிளாஸ்டருக்கு 65, 70 கிராம் தண்ணீர். தண்ணீரில் பொடியைத் தூவி ஊறவிட வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்று அடைபடும். மாதிரிக்குக் கடையில் வாங்கிய ஒரு புழுவைக் களிமண்ணில் பாதி புதைத்து வைத்தாலே போதும். புழுவின் விலா சரிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் அகன்று வாயில் குறுகினால் எந்த அச்சிலிருந்தும் வெளியே வராது. நீங்கள் சொல்கிற கிழிசலில் பாதி அதனால்தான் இருக்கும்.

அச்சு இறுகியதும் நிழலில் பல நாள் காயட்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும், ஐப்பசி மழையில் ஆரம்பிக்கவே வேண்டாம். அவசரப்பட்டு அடுப்பில் சுட்டால் பிளாஸ்டர் பொடியாக உதிரும். 50 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. காய்ந்ததா என்று பார்க்க எடை போடுங்கள். இன்று போட்ட எடையும் நாளை மறுநாள் போட்ட எடையும் ஒன்றாக இருந்தால் காய்ந்துவிட்டது. பிறகு ஃபெவிக்காலில் சம அளவு தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. அந்தத் தண்ணீரும் போக வேண்டும் என்பதால் மறுபடி காயப்போடுங்கள். ஊற்றும் முன் துளி சமையல் எண்ணெயைத் துணியால் தேய்த்தால் போதும், தேங்கக் கூடாது.

இன்னொன்று, வால். துடுப்பு வாலுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள கழுத்து மெலிந்திருந்தால்தான் மெதுவாக இழுக்கும்போது வால் ஆடும். அந்த இடத்தில் அச்சை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கண், செதில், மினுக்குப் பொடி எல்லாம் கடைக்காரர் நம்மைப் பிடிக்கப் போடுகிற தூண்டில்.

என் வீட்டுக்காரர் ஜிக் தலை (முள்ளின் கழுத்தில் எடைக்காக வைக்கிற குண்டு) செய்கிறேன் என்று சமையலறையிலேயே பழைய பேட்டரி ஈயத்தை உருக்குகிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.
வாசகி, பவானி

அம்மிணி, இந்தப் பக்கத்தை வெட்டி அவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். ஏனுங்க மாப்பிள்ளை, அந்தச் சட்டியை இன்றைக்கே எடுத்து வெளியே போடுங்கள். பேட்டரி ஈயத்தில் அமிலக் கசடும் ஆன்டிமனி, ஆர்சனிக் போன்றவையும் சேர்ந்திருக்கும். எந்த இடத்திலும் உருக்கக் கூடாத சரக்கு அது. சுத்தமான ஈயமே ஆனாலும் சமையலறையில் வேண்டாம். ஈயம் 327 டிகிரியில் உருகுகிறது. மேலே மிதக்கும் கசடை வழிக்கும்போது பறக்கிற தூசி தரையில் படியும். தவழ்கிற குழந்தை அதைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். குழந்தைகளுக்கு ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்கிற அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

போதாததற்கு ஈரம் பட்ட அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றினால் வெடித்துச் சிதறும். புழுவில் பொத்தலோடு போகிற விஷயம் இங்கே கண்ணோடு போகும்.

உருக்காமலே வழி இருக்கிறது. வீச்சுவலைக் கடையில் ஈயக் குண்டு கிடைக்கும். பிளந்த குண்டாக வாங்கி முள்ளின் கழுத்தில் வைத்து இடுக்கியால் நெரித்தால் அதுவே ஜிக் தலை. மேலே ஒரு பூச்சு நெயில் பாலிஷ் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். வெள்ளீயம் (டின் உலோகம், தகர டப்பா இல்லை) 232 டிகிரியிலேயே உருகும், ஈயம் மாதிரி நஞ்சும் இல்லை. எடை குறைவு, விலை கூடுதல். வார்த்தே தீருவேன் என்றால் அதை வாங்கி, காய்ந்த அச்சில், வெளியே களத்தில் வைத்துச் செய்யட்டும்.

கஷ்டப்பட்டு வார்த்த புழுக்கள் டப்பாவில் ஒன்றோடொன்று ஒட்டி, டப்பாவையே உருக்கிவிட்டன. நிறமும் கலந்துவிட்டது.
வாசகர், ஈரோடு

இளக்கி கசிகிறது. சில கெட்டி பிளாஸ்டிக் டப்பாவை அது கரைக்கும். பாலித்தீன் ஜிப் கவரில் நிறத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். கெட்டுப்போனதை எறியாமல் சேர்த்து வைத்து மறுபடி உருக்கலாம். எல்லா நிறமும் சேர்ந்து சேற்றுப் பழுப்பாக வரும், விராலுக்கு அது பிடித்த நிறம்தான். கிழிந்ததை வாய்க்காலில் வீசாதீர்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?
மாணவர், சத்தியமங்கலம்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் ஆக்ரான் நகரில் நிக் க்ரீம் என்பவர் 1949இல் வீட்டிலேயே பிளாஸ்டிக் புழு வார்த்தார், பிறகு விற்கவும் தொடங்கினார். அதே ஆக்ரானில்தான் 1926இல் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் கெட்டிப் பிவிசியை இளக்கி சேர்த்து வளையச் செய்தார். டயர் கம்பெனிகளின் ஊர் அது.

எங்கள் தோட்டத்துக் குட்டையில் விரால் இருக்கிறது. தாமரை இலையும் பாசியும் மண்டிக் கிடக்கிறது. எப்படிப் போடுவது? ஆழியாறு அணையிலும் போடலாமா?
வாசகர், பொள்ளாச்சி

முள் வெளியே தெரியக் கூடாது. வளைவு முள்ளைப் புழுவின் மூக்கில் குத்தி வெளியே எடுத்து, நுனியை மறுபடி உடம்புக்குள் மறைத்துவிடுங்கள். பாசி மேல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கடிக்கும்போது நுனி வெளியே வரும். விரால் மூச்சு வாங்க மேலே வரும் மீன். இலை அசைந்து 'களுக்' என்று கேட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் போட்டு மெதுவாக இழுங்கள். கடித்ததும் வெட்டி இழுக்காமல் ஒரு நொடி விடுங்கள். சிவந்த குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், அங்கே போடாதீர்கள். பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன் தின்றுவிடும்.

அணை வேறு. ஆழியாறு, அமராவதி, பவானிசாகர் இவற்றில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

கோவையில் அலுமினியத்தில் அச்சு வெட்டித் தருவார்களா?
வாசகர், அன்னூர்

தருவார்கள். விஎம்சி (கம்ப்யூட்டர் புரோகிராம்படி உலோகத்தை வெட்டுகிற மெஷின்) வைத்து ஜாப் வொர்க் செய்கிற பட்டறைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு அச்சு என்றால் வெட்டுகிற நேரத்தைவிட புரோகிராமுக்கும் செட்டிங்குக்கும்தான் காசு போகும். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே கட்டையில் நாலு வடிவம் வெட்டச் சொல்லுங்கள். காற்று வெளியேற வால் நுனியில் ஒரு மெல்லிய கோடு கீறச் சொல்ல மறக்காதீர்கள். அச்சு குளிர்ந்திருந்தால் சரக்கு பாதியில் உறைந்து மடிப்பு விழும். முதல் ஓரிரு வார்ப்பை அச்சைச் சூடாக்கும் கணக்கில் எழுதிவிடுங்கள். வந்ததைத் திரும்ப உருக்கிக்கொள்ளலாம்.