ளகரம் தொலைஞ்ச களம்

கேள்வி: தமிழ்நாட்டுப் பொருளாதாரத்தைப் பத்தி பக்கம் பக்கமா எழுதுற பேராசிரியர்கள், பாலிசி நிபுணர்கள் யாராவது ஏசி ரூமை விட்டு கலத்துல இறங்கிப் பார்த்திருக்காங்களா? (ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: கலத்துல ஏறத்தான் முடியும் சார், இறங்குனா கடல், நீச்சல் தெரிஞ்சிருக்கணும். நம்ம புரூஃப் ரீடர் சிவப்புப் பேனாவோட பாய்ஞ்சார், நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்துனேன், ஏன்னா நீங்க ளகரத்தைத் தொலைச்சதுல உங்களுக்கே தெரியாம ஒரு விஷயத்தைச் சொல்லிட்டீங்க. கலம்னா கப்பல், நெல் அளக்குற அளவும் கலம்தான், 12 மரக்கால் ஒரு கலம். களம்னா நெல்லடிக்கிற இடம். பொருளாதார ஆளுங்களுக்கு கலம் அத்துப்படி, களம் தெரியுமாங்கறதுதானே உங்க டவுட்டு?

எங்க தாத்தா களத்துல பொலியை, அதாவது அடிச்சுக் குவிச்ச நெல்லை, அளக்கறதைப் பார்க்கணும். சாணிப் பால்ல போட்ட குறி கலையாம இருக்கான்னு பொலியை ஒரு சுத்து சுத்திப் பார்ப்பார் (ராத்திரி எவனாவது அள்ளியிருந்தா காட்டிக் குடுத்துடும்), அப்புறம் மரக்காலை எடுத்து "லாபம்… ரெண்டு… மூணு…"ன்னு ஆரம்பிப்பார். ஒன்னுன்னு சொல்லவே மாட்டார், அதுக்குப் பதில்தான் லாபம். எனக்கு ஏழெட்டு வயசிருக்கும், பட்டணத்துல இருந்து ஆராய்ச்சி பண்ற பையன் ஒருத்தர் அட்டையும் பேனாவுமா வந்து பக்கத்துல உக்காந்தார், "லாபம்"ங்கறதை ஏதோ சாமி கும்புடுறாருன்னு நெனச்சு ரெண்டுல இருந்து கோடு போட ஆரம்பிச்சார், முடிவுல கலத்துக்கு 11 மரக்கால்னு எழுதிக்கிட்டு, வெயில்ல மோர் வாங்கிக் குடிச்சிட்டு, பஸ் ஏறிட்டார். அந்த வருஷம் தமிழ்நாட்டு நெல்லுல பன்னெண்டுல ஒரு பங்கு காகிதத்துல காணாம போச்சுன்னா காரணம் எங்க தாத்தாதான், யாரும் மான்சூனைத் திட்டாதீங்க.

சரி, கிண்டல் போதும், ஏன்னா இதுல நீங்க சொல்றது தப்பு. அதுவும் விழுப்புரத்துல உக்காந்துக்கிட்டு கேக்குறது ரொம்பத் தப்பு. உங்க ஜில்லா இருவேல்பட்டு தெரியுமா? 1915ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியரா வந்த கில்பர்ட் ஸ்லேட்டர்ங்கற வெள்ளைக்காரர், லீவுக்கு ஊருக்குப் போற பசங்க கையில கேள்வித்தாளைக் குடுத்து ஊர்க் கணக்கு எடுத்துட்டு வாங்கன்னு அனுப்புனார். சொந்த மாமாகிட்டயே போய் எத்தனை மாடு, எவ்வளவு கடன்னு கேட்டுட்டு அடி வாங்காம திரும்புனானுங்களே, அதுவே பெரிய சாதனை. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம்னு அந்தக் கணக்கெல்லாம் 1918ல புத்தகமாச்சு. கல்யாணத்துக்கு வாங்குன கடனுக்காகத் தலைமுறை தலைமுறையா பண்ணையில கட்டுண்டு கிடந்த படியாளுங்களைப் பத்தி அதுல இருக்கு. படியால அளந்து கூலி குடுத்ததால படியாள். பாருங்க, மறுபடி அளவுதான், கலம் நம்மள விடாது.

அதோட விட்டாங்களா? 1936-37ல தாமஸ், ராமகிருஷ்ணன்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க அதே ஊர்களுக்குப் போனாங்க. 80கள்ல குகன் போனார். அவர் யாருன்னா தமிழ்நாட்டு நிதிச் செயலாளரா இருந்த ஐஏஎஸ், அப்புறம் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா 1971ல அடையாறுல ஆரம்பிச்ச எம்.ஐ.டி.எஸ்.ங்கற ஆராய்ச்சி நிறுவனத்துல வந்து உக்காந்தவர், பட்ஜெட் போட்ட கையால தெரு தெருவா கணக்கெடுக்க வச்சார். 2008ல ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் மறுபடி இருவேல்பட்டு போனப்போ படியாளுங்க கதை முடிஞ்சிருந்துச்சு, பெரிய நிலக்காரரோட பிடி தளர்ந்துபோச்சு, ஜனங்க வெளிவேலைக்குக் கிளம்பிட்டாங்க. ஒரே ஊரைத் தொண்ணூறு வருஷம் துரத்தித் துரத்திப் பார்த்திருக்காங்க சார், நம்ம சொந்தக்காரனே அவ்வளவு வாட்டி வந்து பார்க்க மாட்டான். இந்தப் பக்கம் பார்பரா ஹாரிஸ்-வைட்ங்கற வெள்ளைக்காரப் பேராசிரியை 1973ல இருந்து ஆரணி யாவாரிங்களையும் ரைஸ் மில்லையும் வருஷக்கணக்கா விடாம பார்த்திருக்காங்க.

என் கோவம் வேற இடத்துல. 2021ல முதல்வருக்குப் பொருளாதார ஆலோசனை சொல்ல ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ, ழான் திரேஸ், அர்விந்த் சுப்ரமணியன், எஸ். நாராயண்னு அஞ்சு பேர் குழு போட்டப்போ நம்ம ஆபீஸ் டீக்கடை வரைக்கும் கைதட்டுச்சு, நானும் தட்டுனேன். ஆனா நிபுணருங்க எழுதுறது ஊர்க்காரங்களுக்குப் போய்ச் சேருதா? இருவேல்பட்டுக் கணக்கு முழுக்க இங்கிலீஷ் புத்தகத்துலயும் இங்கிலீஷ் வாரப் பத்திரிகையிலயும் கிடக்கு. பதில் சொன்னவங்க ஒரு மொழி, படிக்கிறவங்க ஒரு மொழி. களத்துல அளந்த நெல்லை களத்துக்காரனுக்கே காட்டாம மூட்டை கட்டுனா எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு. ஜெயரஞ்சன் மாதிரி ஒன்னு ரெண்டு பேர் டிவியிலயும் யூடியூப்லயும் தமிழ்ல விளக்குறாங்க, அதுக்கே கூட்டம் எப்படி சேருதுன்னு பாருங்க.

நம்ம பத்திரிகை மட்டும் யோக்கியமான்னு கேப்பீங்க. ஒரு புரபசர்கிட்ட தமிழ்ல கட்டுரை கேட்டேன், 11 டேபிளோட நாப்பது பக்கம் அனுப்பினார், டேபிளைத் தூக்கிட்டுப் போட்டேன், சந்தாவை நிறுத்திட்டார். இன்னிக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல. தப்பு யார் பேருலன்னு கேக்காதீங்க, ரெண்டு டேபிளாவது விட்டிருக்கலாம்தான்.

உங்களுக்கு ஒரு வேலை. இருவேல்பட்டு உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு ஞாயித்துக்கிழமை போய், வந்தவங்க எழுதுனதுல ஒரு பக்கமாவது உங்க கண்ணுல பட்டுச்சான்னு பெரியவங்களா பார்த்து நாலு பேர்கிட்ட கேட்டு எழுதுங்க. அட்டைப்படக் கட்டுரையாவே போடுறேன். ளகரம் மட்டும் பார்த்து, புரூஃப் ரீடருக்கு பிபி.