ஜூலை மாதத்தில் மோட்டார் ஹோமில் யூட்டா, கொலராடோ: உயரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

லாஸ் வேகாஸில் மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடுபோல் அமைந்த வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஜூலை மாதத்தில் பெற்றோரும் இரு பிள்ளைகளும் உடன்வர, பத்து நாட்களில் யூட்டாவின் பாலைவனச் சாலைகளையும் கொலராடோவின் மலைகளையும் பார்த்துத் திரும்ப எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கம் இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வைத்துத் திட்டமிட்டேன். இரண்டாம் முறை இரவு தங்கும் இடங்களின் உயரத்தை வைத்துத் திட்டமிட்டேன். நிம்மதியாகத் தூங்கியது இரண்டாம் பயணத்தில்தான்.

ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 3.5 டிகிரி பாரன்ஹீட் குறையும். லாஸ் வேகாஸ் சுமார் 2,000 அடி; யூட்டாவின் தேசியப் பூங்காக்களில், சயான் பள்ளத்தாக்கின் தரை சுமார் 4,000 அடி, பிரைஸ் கேன்யன் 8,000 அடிக்கு மேல். ஒரே நாளில் லாஸ் வேகாஸுக்கும் பிரைஸுக்கும் இருபது டிகிரிக்கும் மேற்பட்ட வேறுபாடு இருக்கும் என்பதை நான் வரைபடத்தில் பார்க்கவில்லை, உடம்பில்தான் உணர்ந்தேன். முதல் பயணத்தில் தாழ்வான பாலைவன முகாம் ஒன்றில் மாலையில் நிறுத்தினோம். கூரை ஏசி முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்தபோது மைக்ரோவேவை இயக்கியதும், முகாமின் 30 ஆம்பியர் மின் இணைப்பு தாங்காமல் பிரேக்கர் விழுந்தது. அதைவிட மோசமான கதை குளிர்பெட்டியுடையது. பல மோட்டார் ஹோம்களில் இருப்பது வீட்டில் உள்ளதுபோல் கம்ப்ரசரால் ஓடும் பெட்டியன்று. வெப்பத்தைக் கொண்டு குளிர்விக்கும் அமைப்பு அது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், பின்புறத்தில் காற்றோட்டம் வேண்டும். நாங்களோ அதன் காற்றுத் துளைகள் மேற்கு வெயிலைப் பார்க்கும்படி, வண்டியைச் சற்றுச் சாய்வாகவும் நிறுத்தியிருந்தோம். காலையில் பால் திரிந்திருந்தது.

ஆகவே முதல் நாள் சயானுக்குப் போகாதீர்கள். 15ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, 20ஆம் எண் சாலை வழியாக 89ஐப் பிடித்துப் பிரைஸ் பக்கம் சென்று இரண்டு இரவுகள் தங்குங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது நிறுவனத்தார் விளக்கம் சொல்லவே ஒரு மணி நேரம் பிடிக்கும் என்பதால், முதல் நாள் வேறெந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து வருவது யூட்டாவின் 12ஆம் எண் சாலை; இந்தப் பயணத்தின் உயிர் அதுதான் என்பேன். பாங்குவிச் அருகில் தொடங்கி டோரி வரை 120 மைல்களுக்குச் சற்று மேல். எஸ்கலாண்டேவுக்கும் போல்டருக்கும் நடுவில் ஒரு குறுகிய முகட்டின் மேல் சாலை செல்லும். இருபுறமும் பள்ளம், தடுப்புச் சுவர் கிடையாது. பயப்படத் தேவையில்லை, மோட்டார் ஹோம்கள் போய்வருகின்ற சாலைதான். ஆனால் ஓட்டுபவர் காட்சியைப் பார்க்கக் கூடாது, நிறுத்துமிடம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். அதன்பின் போல்டர் மலையில் 9,600 அடி வரை ஏறி இறங்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, வேகத்தை எஞ்சினிடம் விட்டுவிட்டு, வேகம் மிஞ்சும்போது மட்டும் அழுத்தமாக ஒருமுறை பிடித்து விடுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ஏறும்போது எஞ்சின் வெப்பமானி உயர்ந்தால் ஏசியை நிறுத்துங்கள். அப்போதும் இறங்கவில்லையெனில், கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், ஹீட்டரைப் போடுங்கள். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை அது வெளியே இழுத்துவிடும்.

டோரியிலிருந்து ஹாங்க்ஸ்வில், 95ஆம் எண் சாலை, பிளாண்டிங் வழியாகக் கொலராடோவின் டுராங்கோவுக்குச் செல்லலாம். அங்கே என் யோசனை, வண்டியை முகாமிலேயே விட்டுவிட்டு, 1882 முதல் ஓடும் குறுகிய பாதை ரயிலில் 9,318 அடி உயரத்திலுள்ள சில்வர்ட்டனுக்குச் சென்று வருவதே. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அது கொண்டாட்டம், உங்களுக்கு ஓய்வு. சில்வர்ட்டனுக்கும் யூரேவுக்கும் இடையே 11,018 அடி கணவாயைக் கடக்கும் 550ஆம் எண் சாலையை விடவே மனமில்லை என்றால், சில்வர்ட்டனிலிருந்து வடக்கு நோக்கி ஓட்டுங்கள். மலையை ஒட்டிய தடம் உங்களுக்குக் கிடைக்கும். எதிர்த்திசையில் வருபவருக்குத்தான் பள்ளத்தின் விளிம்பு.

திரும்பும் வழியில் மானுமென்ட் பள்ளத்தாக்கு. உள்ளே செல்லும் 17 மைல் மண்சாலையில் மோட்டார் ஹோமுக்கு அனுமதியில்லை. வழிகாட்டியின் ஜீப்பில் போய் வரலாம். இந்த இடம் நவஹோ பழங்குடியினரின் பகுதியில் இருக்கிறது. அங்கே கோடைக் கடிகாரம் (கோடையில் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பது) உண்டு, அரிசோனாவின் மற்ற பகுதிகளில் இல்லை. முன்பதிவு செய்யும்போது எந்த மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொலராடோவைத் தவிர்த்து 95இலிருந்து நேரே இங்கு வர நினைத்தால், ஜிபிஎஸ் 261ஆம் எண் சாலையைக் குறுக்குவழியாகக் காட்டக்கூடும். அதில் சரளைக்கல் பரப்பிய கொண்டை ஊசி வளைவுகள் 1,100 அடி இறங்குகின்றன. அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

சயானைக் கடைசியில் வையுங்கள். மின் இணைப்புள்ள இடத்தில் ஓர் இரவு போதும், விடியற்காலையில் பேருந்தில் ஏறி நடைப்பாதைகளுக்குச் சென்றுவிடலாம். கிழக்கிலிருந்து சயானுக்குள் வரும் சாலையில், 1930இல் முடிக்கப்பட்ட சுரங்கப்பாதைக்கு உயரம் 11 அடி 4 அங்குலம் என்று வரம்பு உண்டு, வாடகை மோட்டார் ஹோம்களில் பல 12 அடி இருக்கும். கனாபிலிருந்து ஃபிரடோனியா, ஹரிக்கேன் வழியாகச் சுற்றி வந்தால் அந்தச் சிக்கலே இல்லை.

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கையும் (டெத் வேலி) சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. கோடையில் அங்கே செல்வதை வாடகை ஒப்பந்தங்கள் பல தடைசெய்கின்றன. ஒப்பந்தம் அனுமதித்தாலும் நான் போக மாட்டேன்.

தேசியப் பூங்கா முகாம்கள் பலவற்றுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும், எனவே ஜனவரியிலேயே உட்காருங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளந்து பாருங்கள். நண்பகலில் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள். ஹாங்க்ஸ்வில்லில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த 100 மைல்களுக்கு மேல் நிலையங்களை நம்ப முடியாது என்பது ஒரு காரணம்; வண்டியின் தொட்டியிலிருந்தே எரிபொருள் எடுக்கும் ஜெனரேட்டர், தொட்டி கால் பங்குக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடும், அதோடு ஏசியும் நின்றுவிடும் என்பது இன்னொன்று.